உறியிலிருந்து தொடங்குவோம்

பல ஆண்டுகளுக்கு முன் வரலாற்றாசிரியர் விடுப்பிலிருந்த ஒரு நாளில், தமிழாசிரியனாகிய யான் அவருடைய வகுப்பை நடத்த நேர்ந்தது. நைல் நதி எந்நாட்டை வளப்படுத்தியது, ஹமுராபி எந்நகரத்தரசன், அலெக்சாந்தர் இறந்த ஆண்டு யாது என்று யான் வினவ வினவ, மாணவன் ஒருவன் தடையின்றி ஒப்புவித்தான். ஒப்புவித்து முடித்தபின், “ஐயா, இதெல்லாம் நடந்தபோது நம்முடைய பக்கத்தில் என்ன நடந்தது?” என்று கேட்டான். “அது வேறு பாடம், பிறகு பார்ப்போம்” என்று சொல்லி அவனை இருத்தினேன். அவ்விடையை நினைக்குந்தோறும் இன்றும் எனக்கு நாணம் உண்டாகின்றது.

இன்று அவன் கேட்பானாயின், உறியிலிருந்து தொடங்குவேன். யான் சிறுவனாயிருந்த நாளில், படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து தயிர் வரும். காவுதடியின் இரு தலைப்பிலும் உறி தொங்கும். உறியில் ஒன்றன்மேலொன்றாகத் தயிர்ச்சட்டிகள் அடுக்கப்பட்டிருக்கும். வீட்டிலும் பூனைக்கு எட்டாத உயரத்தில் ஓர் உறி தொங்கும். இதில் வரலாறு யாதுளது என்பீராயின், எகிப்து நாட்டுச் செங்கடற் கரைக்குச் செல்லல் வேண்டும்.

அக்கரையிலே குசைர் அல் காதிம் என்றொரு பழந்துறை உண்டு. உரோமர் காலத்தில் அதற்கு மியோசு ஓர்மோசு என்று பெயர். அங்கே அகழ்ந்தெடுத்த பானையோடு ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் காணப்பட்டன. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைப் ‘பானை ஒறி’ என்று படித்தமை 2007 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒறி என்பது உறியே. கயிற்றுறியில் தொங்கும் பானை என்பது பொருள். காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு என்பர். அதே துறையிற் கிடைத்த வேறு ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் உள்ளன. மணிமேகலை படித்த மாணவனுக்குச் சாத்தன் என்பது அயற்பெயர் அன்றே! உரோமப் பேரரசின் வணிகம் என்னும் பாடத்தை அகசுத்தசிலிருந்து தொடங்காமல் இந்த ஓட்டிலிருந்து தொடங்கினால், எந்த மாணவன் உறங்குவான்?

அக்கப்பல்கள் எவ்வாறு சென்றுவந்தன என்பதே புவியியற் பாடம். தென்மேற்குப் பருவக்காற்றில் அவை கிழக்கே வந்தன. வடகீழ்ப் பருவக்காற்றில் மீண்டன. நம் கடலோர மக்கள் கச்சான் என்றும் வாடை என்றும் நாடோறும் வழங்கும் சொற்களை வைத்துக்கொண்டே இதனை விளக்கிவிடலாம். நாமோ படத்தில் அம்புக்குறி இட்டு, மனனம் செய்யச் சொல்கின்றோம்.

இவ்விடத்தில் நம்மவர் சிலரை நோக்கியும் ஒன்று சொல்லவேண்டும். ஓர் ஓடு கிடைத்ததும், எகிப்தியரும் சுமேரியரும் தமிழரே என்று மேடையேறி முழங்குவோர் உளர். மனனப் படிப்பினும் இது கொடிது என்பது என் துணிபு. ஓர் ஓடு தன்னளவுக்கே சான்று பகரும். தமிழறிந்த ஒருவன் அத்துறையில் பானையொன்றில் எழுதினான் என்பதற்கு அது சான்று. பிரமிட்டைக் கட்டியவர் யாரென்பதற்கு அன்று. அவன் மட்டக்களப்பிலிருந்து சென்றான் என்று யானும் சொல்லவில்லை.

நமக்கு வழி காட்டியவர் நம் வாவி நாட்டிலேயே பிறந்தவர். 1892 இல் காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகள் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவர். 1926 இல் வெளிவந்த மதங்க சூளாமணியிலே சிலப்பதிகார அரங்கேற்று காதையையும், சேக்சுபியர் நாடகங்களையும், தனஞ்சயனாரின் தசரூபகத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். கிரேக்கர் கலையைப் பற்றி ‘யவனபுரத்துக் கலைச் செல்வம்’ என்றே எழுதினார். அயலாரின் செல்வத்தைச் செல்வம் என்று சொல்ல அவர் கூசவில்லை. 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்புகளின் சுருதிகளைக் கணித்து நிறுவினார். வாயால் முழங்குதற்கும் எண்ணால் அளத்தற்கும் உள்ள வேறுபாட்டை அந்நூலைத் திறந்தால் அறியலாம். சுமேரியரின் ஊர் நகரத்துக் கல்லறைகளில் லெனார்டு வூலி கண்ட நரம்புக் கருவிகளை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், யாழ் நூலையும் பக்கத்தில் விரித்து வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இடைக்காலத்துக்கும் நாம் தொலைவு போகவேண்டியதில்லை. 1911 இல் காலியில் வாய்க்கால் மூடுகல்லாகக் கிடந்த ஒரு கல் இன்று கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனக் கடற்படைத் தலைவன் செங்கோ கொணர்ந்த அக்கல்லில் 1409 ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை கூறுகின்றது. மும்மொழியும் அருகருகே! தமிழரும் முசிலிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இவ்வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு அக்கல்லைக் காட்டாது மிங் வமிசத்தை எவ்வாறு கற்பிப்பது?

பரீட்சைக்கு இவை வாரா என்று நண்பர்கள் தடுக்கின்றனர். மெய்தான். ஆயினும், பாடத்துக்கு ஒரு நாழிகை முன்னுரையாக இதனைச் சொல்லப் பரீட்சைத் திணைக்களத்தின் இசைவு வேண்டியதில்லை.

சென்ற தவணையில் வகுப்பறைக்கென ஓர் உறி தேடினேன். கடைத்தெருவில் இல்லை. இரண்டு மூன்று ஊர்களில் விசாரித்தபின், படுவான்கரையில் முதியவள் ஒருத்தி தன் அடுக்களைப் பரணிலிருந்து எடுத்துத் தந்தாள். அதனை வகுப்பறை வளையில் மாட்டிவைத்து, இஃது யாதென மாணவரை வினவினேன். முப்பத்திரண்டு பேருள் உறியென்று சொன்னவர் நால்வர்.