ஓடுதளம் வரை வந்து சேர்ந்தவர்கள்

சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி 28 தங்கம், 38 வெள்ளி, 41 வெண்கலம் என 107 பதக்கங்கள் பெற்று நான்காம் இடத்தைப் பிடித்திருக்கிறது. 2018இல் ஜகார்த்தாவில் பெற்றது 70தான். இந்தியா நூறைத் தாண்டுவது இதுவே முதல் முறை. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வெற்றியைக் கொண்டாடும் குரல்களுக்கு நடுவே ஒரு பழைய நக்கல் மீண்டும் கேட்கிறது: "விளையாட்டிலும் இடஒதுக்கீடு கேட்பீர்களா? அங்கே திறமை மட்டும்தானே பேசுகிறது?" ஹாங்சோவை வைத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. மூன்றாம் இடம் பிடித்த தென்கொரியாவின் மக்கள்தொகை சுமார் 5 கோடி. அது வென்ற தங்கம் 42. ஐந்தாம் இடத்தில் இருக்கும் உஸ்பெகிஸ்தானின் மக்கள்தொகை 3.5 கோடி அளவில், தங்கம் 22. நாம் 140 கோடிப் பேர், தங்கம் 28. இந்தியர்களின் உடல்வாகு சரியில்லை என்று யாராவது இதற்குக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள். 140 கோடிப் பேரும் களத்தில் இல்லை என்பதே உண்மை. மைதானம், சத்தான உணவு, காலணி, பயிற்சியாளர், ஓய்வு நேரம் இவையெல்லாம் கிடைத்த சிறு கூட்டத்திலிருந்துதான் அணியைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தக் கூட்டத்திற்கு வெளியிலிருந்து யாராவது வந்தால், அது அவர்கள் தனியாக மோதி உடைத்த கதவு.

ராம் பாபூவை எடுத்துக்கொள்வோம். உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ரா மாவட்டத்துக்காரர். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். கொரோனா ஊரடங்கில் வருமானம் நின்றபோது நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண் வெட்டினார். 2022இல் 35 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தேசிய சாதனை படைத்தார். ஹாங்சோவில் மஞ்சு ராணியுடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். அதே ஹாங்சோவில் குதிரையேற்ற அணி 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தது. அந்த இளைஞர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி பெற்றவர்கள். குதிரை வாங்கி, ஐரோப்பாவில் பராமரிக்க எவ்வளவு செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். பதக்கப் பட்டியல் இரண்டையும் ஒரே நாட்டின் பெயரில் எழுதிவிடுகிறது. ஆனால் இருவரும் ஒரே இடத்திலிருந்து புறப்படவில்லை. திறமை பேசுவது உண்மைதான், ஓடுதளத்தில் கால் வைத்த பிறகு. அதுவரை பேசுவது பணமும் நிலமும் சாதியும்தான்.

அந்தத் தூரத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நந்தினி அகசரா சாட்சி. ஹெப்டத்லானில், அதாவது இரண்டு நாளில் ஏழு போட்டிகள் கொண்ட பிரிவில், வெண்கலம் வென்றவர். தந்தை தேநீர் விற்பவர். நந்தினி படித்தது தெலங்கானா அரசின் சமூகநல உறைவிடக் கல்வி நிறுவனத்தில். பெரும்பான்மை இடங்கள் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கி நடத்தப்படும் நிறுவனங்கள் அவை. பதின்மூன்று வயதில் எவரெஸ்ட் ஏறிய பழங்குடி மாணவி மாலாவத் பூர்ணாவும் இதே சமூகநலப் பள்ளிகளில் படித்தவர்தான், அது 2014இல். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தால் போதும் என்று நிற்காமல், மலையேற்றமும் தடகளமும் அவர்களுக்கும் உரியவை என்று ஓர் அரசு நிறுவனம் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை இவர்கள் காட்டிவிட்டார்கள். இடஒதுக்கீடு திறமையைக் கெடுக்கும் என்பவர்களுக்கு வேறென்ன பதில் வேண்டும்?

ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. நந்தினி நான்கு புள்ளி வித்தியாசத்தில் பதக்கம் வென்றதும், நான்காம் இடம் பெற்ற சக இந்திய வீராங்கனையே அவரது பாலினத்தைச் சந்தேகித்துச் சமூக ஊடகத்தில் எழுதினார். ஆதாரம் எதுவும் இல்லை. பிறகு பதிவை நீக்கினார். படித்தபோது எனக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன்தான் நினைவுக்கு வந்தார். 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற தலித் பெண். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது; அவரது உடல் ஊடகங்களின் விவாதப் பொருளானது. சில ஆண்டுகளில் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. 2009இல் காஸ்டர் செமன்யாவுக்கு இதே சோதனை நடந்தபோது தென்னாப்பிரிக்க அரசும் மக்களும் அவர் பக்கம் நின்றார்கள். சாந்திக்காக இந்தியாவின் விளையாட்டு அதிகாரம் அப்படி நிற்கவில்லை. இழந்த வெள்ளி இன்றுவரை திரும்பவில்லை.

வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சேரிக்காரி. இதையும் பார்த்தோம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வியாம்! அதே ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் கோல் அடித்தவர் அவர். ஹாங்சோவில் வெண்கலம் வென்ற அணியிலும் இருந்தார். திட்டியவர்கள் இம்முறை கைதட்டியிருக்கக்கூடும். அந்தக் கைதட்டல் நமக்கு எதற்கு?

பி.வி. சிந்து, ஹிமா தாஸ் ஆகியோர் வென்றபோது கூகுளில் அவர்களது சாதியைத் தேடிய நாடு இது. "நம்ம ஆளா?" என்று பார்க்கும் அந்தத் தேடலை நாம் வெறுக்கிறோம். அதனாலேயே சாதிக் கணக்கு எதையும் கேட்கக் கூடாது என்று ஆகிவிடாது. வீராங்கனையின் சாதி நமக்குத் தேவையில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் விளையாட்டு விடுதிகளில் யாருக்கு இடம் கிடைக்கிறது, பயிற்சியாளர்கள் யார், சங்கங்களின் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்ற கணக்கு தேவை. முன்னது சொந்தம் கொண்டாடுவது; பின்னது பங்கு கேட்பது.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனையில் விளையாட்டுத் திடல் இருக்கிறது? எத்தனையில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார்? கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்ளாத பி.டி. பீரியட் எங்காவது உண்டா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட்டு உங்கள் மாவட்டத்துக்கான பதிலைக் கேளுங்கள். வரும் பதிலைப் பொதுவில் வையுங்கள். தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோங்கள். சேரிப் பிள்ளைகள் ஊர்ப் பொதுத் திடலில் இறங்கினால் தகராறு வரும் கிராமங்கள் இன்னும் இருக்கும் நாட்டில், பள்ளிக்கூடத்து மைதானம் என்பது சலுகை அல்ல, உரிமை.

அடுத்த ஆசியப் போட்டி 2026இல் ஜப்பானில் நடக்கிறது. அதற்குள் பதக்கம் எத்தனை கூடும் என்று பலர் கணக்குப் போடுவார்கள். திடல்கள் எத்தனை கூடின என்ற கணக்கை நாம் போடுவோம்.