மிஞ்சிய குளிசையும் பரமட்டா ஆறும்

விடுமுறை நாட்களில் பரமட்டா ஆற்றங்கரையில் தூண்டிலோடு நிற்கும் நம்மவர்களைக் காண்கிறோம். குருநகர் மீன் உண்டு வளர்ந்த நமக்கு அந்த ஆசை விளங்கும். ஆனால் சிட்னித் துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கும் மீனை உண்ணவே வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. பழைய தொழிற்சாலைகள் விட்டுச் சென்ற டயொக்சின் நஞ்சே காரணம். துறைமுகத்தில் வணிக மீன்பிடி 2006 இல் நிறுத்தப்பட்டது.

அது தொழிற்சாலைகள் செய்த கேடு. நம் பங்கு என்ன?

2015 இல் வெளியான ஓர் ஆய்வில், இதே கழிமுக நீரில் பரசிட்டமோல், கபேன், செயற்கை இனிப்பு ஆகியவை காணப்பட்டன. இவை நம்மைப் போன்றோர் வீடுகளில் பாவிப்பவை. பெருமழையில் கழிவுநீர்க் குழாய்கள் நிரம்பி வழிந்தால் ஓடைகளில் கலந்துவிடும். தெருவோரக் கானில் விழும் கார் கழுவிய சவர்க்கார நீரோ, சுத்திகரிக்கப்படாமலே டூங்காபி ஓடை வழியாக ஆற்றைச் சேரும்.

மிஞ்சிய மருந்தை என்ன செய்தீர்கள் என்று நோயாளரிடம் கேட்போம். "கொமட்டுக்குள்ள போட்டிட்டன் டொக்டர், பிள்ளையள் எடுத்திடுங்கள் எண்டு" என்பார்கள். எண்ணம் நல்லது, இடம்தான் பிழை. சுத்திகரிப்பு நிலையங்களாலும் எல்லா மருந்தையும் அகற்ற முடிவதில்லை.

மருந்துக்கடைகள் இவற்றை இலவசமாகத் திருப்பி எடுக்கின்றன. காரைப் புற்தரையில் கழுவலாம். பொரித்த எண்ணெயைப் போத்தலில் அடைத்துக் குப்பையில் போடலாம், குழாய் அடைபடாது.

அகதிகளாக வந்த நமக்கு இடம் தந்த ஊர் இது. இதன் ஆற்றில் நம் பேரப்பிள்ளைகளாவது மீன் பிடித்து உண்ண வேண்டாமா? அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது, வீட்டில் மிஞ்சியதையும் ஒரு பையில் கொண்டு போங்கள்.