ஒரே துப்பாக்கி இரண்டுக்கும் ஆகாது

"முதல் துப்பாக்கி வாங்க வேண்டும், வேட்டைக்கும் வட்டு சுடும் போட்டிக்கும் ஒன்றே உதவ வேண்டும்" என ஆய்வு நண்பர் ஒருவர் கேட்டார். அயல்நாட்டுக் கையேடுகளில் பொருந்தும் இவ்வாக்கியம் சாந்திபுரத்தில் பொருளற்றது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் இன்றைய வடிவின்படி இங்குப் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கும் எழுத்துவழி ஆணை வேண்டும்.

ஆயினும் நம் கல்விப்புலத்தார் சிலர் ஜமீன்தார்களின் வேட்டையை 'மரபு' என்பர். நரிக்குறவர் கையில் நாட்டுத் துப்பாக்கியைக் கண்டால் அதே செயலைக் 'கள்ள வேட்டை' என்பர். மொழியியல் பயின்றவர்களும் இதைக் கவனியாததுபோல் எழுதுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

எஞ்சுவது வட்டு. (அதைக் 'களிமண் புறா' என மொழிபெயர்க்காதீர்கள். சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்ந்த 110 மில்லிமீட்டர் வட்டில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை.) ஒலிம்பிக் டிராப் தகுதிச்சுற்றில் 125 வட்டுகள். அத்தனை உதைப்பையும் தோள் தாங்க, எடை மிகுந்த, ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல்கள் அமைந்த 12 போர் துப்பாக்கி வேண்டும். காட்டில் சுமந்து அலைவதற்கோ இலகுவானது வேண்டும். சட்டத்தை ஒதுக்கினாலும் நண்பரின் கணக்கு பிழையே.

புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் நின்றதும் இவ்வட்டுகளின் முன்புதான். உரிமத்துக்கு விண்ணப்பிக்குமுன் ஒரு சுடுதல் கழகத்தில் சேருங்கள். நிறுவனப் பெயரைப் பின்னர் கேட்கலாம். துப்பாக்கியின் கட்டை உங்கள் கன்னத்துக்கும் தோளுக்கும் பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள்.