பற்றரியின்மேற் போட்ட பழி

மோட்டார் வண்டி ஒன்று வழியிலே நின்றுவிட்டால், சுற்றி நிற்பவருள் ஒருவராவது "பற்றரி போச்சு" என்று தீர்ப்புக் கூறிவிடுவார். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு. அத்தீர்ப்பை நம்பி நமது நண்பர் ஒருவர் ஒன்றரை ஆண்டிலே இரண்டு பற்றரிகள் வாங்கினார். போதாதென்று டைனமோவையும் கழற்றிப் புதிதாகச் சுற்றுவித்தார். அதன் பின்னரும் அவருடைய வண்டி இரவு வந்தாற் கண்ணை மூடிக்கொண்டது.

நண்பர் நம்முடன் படித்தவர். இப்போது ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் செய்கிறார். தந்தையார் விட்டுச் சென்றவற்றுள் அவருக்கு எஞ்சியது, 1960களிற் செய்யப்பட்ட லான்ட் றோவர் வண்டி ஒன்றே. போர்க்காலத்தில் அது வவுனியாவிலே உறவினர் ஒருவரின் கொட்டிலிற் பல ஆண்டுகள் நின்றது. பின்னர் துருவகற்றி, அடிச்சட்டம் முழுவதற்கும் தடித்த கறுப்புப் பூச்சுப் பூசி, புத்தம் புதிய வண்டிபோல ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வந்த நாள் முதலாக அதன் ஸ்ராற்றர் முனகுமேயன்றி எஞ்சினைச் சுற்றாது. நண்பரோ முன்பக்கத்திலே கைப்பிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பப் பழகிக்கொண்டார்.

சென்ற மாரியில் ஓரிரவு அவருடைய தாயாருக்குத் தொய்வு கடுமையாகிவிட்டது. சேறும் குழியுமான பாதையில் வண்டி ஊர்ந்து செல்ல, முகப்பு விளக்குகள் வரவரச் சிவந்து மண்ணெண்ணெய் விளக்குப் போலாயின. முன்னே சென்ற உழவு இயந்திரம் ஒன்றின் பின்விளக்கைப் பற்றிக்கொண்டே வைத்தியசாலையை அடைந்தனர்.

"தம்பி, அண்டைக்கு வெளிச்சம் குறையக் குறைய என்ர மூச்சும் குறைஞ்சு போச்சு" என்று அம்மையார் நம்மிடம் சொன்னார்.

நண்பர் வண்டியை விற்பதென்று தீர்மானித்திருந்தார். "மச்சான், இந்தக் கிழமைக்குள்ள பார்த்துச் சொல்லு. இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை வாறவனுக்குக் குடுத்திடுவன்" என்றார். நாம் மெக்கானிக் அல்லோம். பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியர். ஆயினும் ஒரு மல்ரிமீற்றரை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.

நவீன வண்டிகளுடன் ஒப்பிடுமிடத்து, இப்பழைய வண்டியின் மின்னமைப்பு ஒரு பள்ளிக்கூடப் பரிசோதனையளவு எளியது. எஞ்சினின் பெல்ற் டைனமோவைச் சுழற்றுகிறது. டைனமோ தரும் மின்னோட்டம் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றினூடாகப் பற்றரிக்குச் செல்கிறது. அப்பெட்டியினுள்ளே இரண்டு காந்தச் சுருள்கள் காவல் செய்கின்றன. ஒன்று, டைனமோவின் அழுத்தம் அளவு கடவாமற் பார்க்கும். மற்றையது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரியிலிருந்து மின் டைனமோவுக்குத் திரும்பி வடியாமல் இணைப்பைத் துண்டிக்கும். மெதுவான ஓட்டத்தில் டைனமோ பயன் தராது என்பதை இங்கே மனத்திற்கொள்க. அந்நேரம் விளக்குகளைத் தாங்குவது பற்றரி ஒன்றேயாகும்.

இவ்வண்டிகளில் 1960களின் பிற்பகுதி வரை பற்றரியின் நேர் முனையே அடிச்சட்டத்துடன் இணைக்கப்பட்டது. இக்காலத்து வண்டிகளிலோ மறை முனை. பழக்கதோஷத்தால் மாற்றிப் பூட்டுவோர் பலர். அப்படிப் பூட்டினாற் கட்டுப்பாட்டுப் பெட்டியின் தொடுமுனைகள் தீய்ந்துபோகும். ஆதலின் புதிய பற்றரி பூட்டுமுன் பழையதில் எந்த முனை சட்டத்துக்குச் சென்றதென்று பார்த்தல் வேண்டும். கழற்றும்போது சட்டத்து இணைப்பை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளுக.

நிற்க. பெல்ற்றை விரலால் அழுத்திப் பார்த்தோம். அரை அங்குலமளவிற் பதிந்தது, குறையில்லை. இரவு முழுவதும் வெளிமின்னேற்றியில் வைத்த பற்றரி, காலையில் ஓய்விலே 12.6 வோல்ற் காட்டிற்று. அதுவும் நல்லதே.

அடுத்து டைனமோ. அதிற் பெரிதும் சிறிதுமாக இரண்டு முனைகள் உள்ளன. இரண்டிலும் உள்ள வயர்களைக் கழற்றிவிட்டு, முனைகளை ஒரு சிறு கம்பியால் ஒன்றோடொன்று இணைத்து, அக்கம்பிக்கும் டைனமோவின் உடலுக்குமிடையே மீற்றரை வைத்து, எஞ்சினை மெல்ல வேகப்படுத்த வேண்டும். வோல்ற் தடுமாறாமல் ஏறுமாயின் டைனமோ நலமே. 20 வோல்ற்றை அது தாண்டவிடலாகாது. ஒன்றுமே காட்டாவிடிற் காபன் தூரிகைகளைப் பார்க்க. ஒரு வோல்ற்றுக்குள் நின்றுவிடின் காந்தச் சுருளிலும், ஆறளவில் நின்றுவிடிற் சுழலும் சுருளிலும் ஐயங்கொள்க. நெடுங்காலம் ஓடாது நின்ற டைனமோவுக்கு ஒருவகை ஞாபகமறதியும் உண்டு. இரும்பிலே எஞ்சியிருக்க வேண்டிய சிறிதளவு காந்தம் அற்றுப்போக, அது தொடங்கவே மாட்டாது. வயர்கள் கழற்றியபடி இருக்க, பற்றரியின் சட்டஞ்சேரா முனையிலிருந்து ஒரு கம்பியாற் சிறிய முனையை இரண்டு மூன்று முறை தொட்டெடுத்தால் நினைவு திரும்பும்.

நண்பரின் டைனமோ தயங்காமல் 20 வரை ஏறிற்று. சுற்றுவித்த செலவை அவருக்கு நாம் நினைவூட்டவில்லை.

வயர்களை மீளப் பூட்டி, எஞ்சினை நல்ல வேகத்தில் ஓடவிட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டியிலே அளந்தோம். பற்றரிக்குச் செல்லும் முனைக்கும் அடிச்சட்டத்துக்குமிடையே 14.2 வோல்ற். பெட்டியும் குற்றமற்றது! பற்றரியின் இரு முனைகளுக்குமிடையே அளந்தபோதோ 12.6 மட்டுமே. இடையில் 1.6 வோல்ற் எங்கே போயிற்று?

இவ்விடத்தில் மாணவர்கள் சற்றுச் சிந்திக்க. மின்சுற்று என்பது போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்தது. நாம் வயரை மட்டும் பார்க்கிறோம், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பும் வழியாகிய இரும்புச் சட்டத்தை எவரும் வழியென்றே எண்ணுவதில்லை. போகும் வழியை அளந்தோம்: 0.1 வோல்ற் இழப்பு. பற்றரியின் நேர் முனைக்கும் சட்டத்துக்குமிடையே அளந்தோம்: 1.5 வோல்ற். கணக்கு நேராயிற்று. அவ்வேளை ஓடிய மின்னோட்டம் 8 அம்பியர். ஆகவே அங்கே மறைந்திருந்த தடை ஏறக்குறைய 0.19 ஓம்.

இது அற்பமெனத் தோன்றலாம். ஸ்ராற்றரோ நூறு அம்பியருக்கு மேல் வேண்டுவது. இத்தடையினூடாக நூறு அம்பியர் செல்வதற்கு மட்டுமே 19 வோல்ற் தேவை. பற்றரியிடம் உள்ளதோ 12. முனகாமல் வேறென் செய்யும்? புதுப் பற்றரி பூட்டிய அன்றும் ஸ்ராற்றர் முனகிற்று என்று நண்பரே சொல்லியிருந்தார். பற்றரி நிரபராதி என்பதற்கு அன்றே சாட்சி கிடைத்துவிட்டது, கேட்பாரில்லை. விளக்குகளின் கதையும் அதுவே. 12.6 வோல்ற் மட்டும் பெறும் பற்றரி நிறையவே மாட்டாது. மெதுவான பாதையில் அரைகுறைப் பற்றரியே விளக்குகளைத் தாங்க வேண்டியிருந்தது. அதிலும் ஒரு பங்கை இத்தடை விழுங்கிற்று. வோல்ற் பத்திலொரு பங்கு குறைந்தால், இழை விளக்கின் ஒளி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும்.

நண்பரை ஸ்ராற்றரை ஒருமுறை அழுத்தச் சொல்லிவிட்டு, பற்றரியின் செம்புப் பின்னல் நாடா அடிச்சட்டத்திற் சேருமிடத்தைத் தொட்டோம். கை சுட்டது. சுரையைக் கழற்றியபோது, நாடாவின் கீழே அந்த அழகிய கறுப்புப் பூச்சு அப்படியே இருந்தது! பூச்சின் மேலேயே பூட்டியிருந்தார்கள். இதுவரை மின்சாரம் சென்றது திருகின் புரிகளினூடாக. அவையும் துருவேறிவிட்டன.

நமக்குச் சிறுவயது நினைவு வந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தே, துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலே றேடியோச் செய்தி கேட்போம். அதற்கும் ஒரு வயர்தான். மற்றைய வழி வண்டியின் சட்டம். புதிய சைக்கிள் ஒன்றில் டைனமோவை எவ்வளவு இறுக்கிப் பூட்டியும் றேடியோ பேசாதபோது, அயலிலிருந்த முதியவர் ஒருவர் டைனமோப் பிடியிலுள்ள கூரிய சிறு திருகைக் காட்டி, "இது பெயின்றைக் கடிச்சுக்கொண்டு இரும்பிலை படவேணும் தம்பி" என்றார். பல்கலைக்கழகம் பின்னர் கற்பித்தவற்றுள் இவ்வளவு கைகொடுத்தவை சிலவே.

பூச்சையும் துருவையும் சுரண்டி, இரும்பு வெள்ளியென மின்னும்வரை தேய்த்து, பல்லுள்ள வாஷர் இட்டு இறுக்கி, ஈரம் படாதிருக்க மேலே வசிலீன் பூசினோம். மீண்டும் அளந்தோம். இழப்பு 0.1 வோல்ற். பற்றரியில் 14.0.

இவ்வண்டி இனத்துக்கு இத்தகைய நோய் பிறவியிலேயே உண்டு என்றுஞ் சொல்லலாம். 1948இல் முதல் லான்ட் றோவர் வெளிவந்தபோது பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. ஆகவே உடலை அலுமினியக் கலப்புலோகத்தாலும், அடிச்சட்டத்தை உருக்காலும் அமைத்தனர். அலுமினியமும் உருக்கும் ஈரத்திலே சேருமிடமெல்லாம், 1800இல் உவோற்றா அடுக்கிக் காட்டிய மின்கலத்தின் சிறு உருவமே. அங்கே அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகி வழியை அடைக்கும். கடற்காற்றுப் படும் ஊர்களிற் சொல்லவேண்டியதில்லை. விளக்குகளின் திரும்பும் வழி பெரும்பாலும் இவ்வலுமினியத் தகடுகளினூடேதான்.

நண்பர் ஸ்ராற்றரை அழுத்தினார். எஞ்சின் ஒரே மூச்சிற் கிளம்பிற்று. அடுக்களையிலிருந்த அம்மையார், கைப்பிடி சுற்றும் சத்தம் கேளாமலே வண்டி கிளம்பியதால், யாரோ வந்துவிட்டார்களென்று வெளியே வந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினார். முன்னர் தள்ளப்பட்ட பழைய பற்றரி ஒன்று இப்போது கோழிக்கூட்டுக்கு வெளிச்சம் தருகிறது.

ஒன்று மட்டும் மிச்சம். பிறேக்கை மிதித்தால் இடப்பக்கத்துச் சமிக்ஞை விளக்கும் மங்கலாக எரிகிறது. தன் வழி அடைபட்ட மின்சாரம், அயல் விளக்கின் இழையினூடாக வீடு திரும்ப முயல்கிறது என்பதே பொருள். பின்விளக்குத் தகட்டைக் கழற்றும் வேலையை அடுத்த தவணை விடுமுறைக்கு வைத்திருக்கிறோம்.