புல்வாரில் ஓர் ஆமை, ஒரு முயல்

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவுல போன வாரம் செம பல்பு வாங்கினேன். சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. ஏன்னா, இதே கேள்வி நாளைக்கு உங்களையும் தேடி வரும்!

கேள்வி சிம்பிள்தான். 'ஒரு லிங்க்டு லிஸ்ட்ல லூப் இருக்கான்னு கண்டுபிடி.' மனசுக்குள்ள லட்டு! ஹாஸ்டலைச் சுத்தி வர்ற ஜெராக்ஸ் நோட்ஸ்ல முதல் பக்கத்துலயே இருக்கற அயிட்டமாச்சே. ரெண்டே நிமிஷத்துல கோடு எழுதி நீட்டினேன்.

''குட். வேகமா போற பாயிண்டர், மெதுவா போறதைத் தாண்டிக் குதிச்சுப் போயிடாதா? ரெண்டும் கண்டிப்பா சந்திக்கும்னு எப்படிச் சொல்றே?''

ஃபேன் சுத்தற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அந்த ஸ்டைபண்ட் கிடைச்சிருந்தா அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு வீட்டுல கை நீட்டியிருக்க வேண்டாம். போச்சு!

கம்ப்யூட்டர் பக்கமே வராத ஆர்ட்ஸ் காலேஜ் மக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். லிங்க்டு லிஸ்ட்டை ஒரு தெருன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு வீட்டுலயும் அடுத்த வீட்டோட அட்ரஸ் மட்டும்தான் இருக்கும். நம்ம பாண்டியில நேர் தெரு ஒண்ணைப் பிடிச்சு கிழக்கே போய்க்கிட்டே இருந்தா, கடைசியில கடல். 'இதுக்கு மேல வழி இல்லை'ன்னு சொல்ற அந்தக் கடல்தான் 'நல்'. ஆனா, ஏதோ ஒரு வீட்டுல தப்பா பழைய வீட்டு அட்ரஸே எழுதியிருந்தா? சுத்திச் சுத்தி அதே இடம்தான். கடலே வராது. புரோகிராமும் முடியாது. உங்க கம்ப்யூட்டர் சில சமயம் உறைஞ்சு போய் நிக்குதே, அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

சரி, பல்பு வாங்கின கதைக்கு வருவோம். அன்னிக்குச் சாயங்காலம் கடற்கரைச் சாலையில, காந்தி சிலைகிட்ட உம்முனு உட்கார்ந்திருந்தேன். கூட என் ரூம்மேட். மெக்கானிக்கல் பார்ட்டி, கோடிங்னா காத தூரம் ஓடுவான். சுண்டல் பொட்டலக் காகிதத்துல அவனுக்குப் படம் போட்டுக் காட்டினேன். புது பஸ் ஸ்டாண்டுல இருந்து மறைமலை அடிகள் சாலை வழியா கிழக்கே வந்தா அண்ணா சாலை. அங்கேருந்து புல்வார் ரவுண்டு: சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை, படேல் சாலை, மறுபடி அண்ணா சாலை. ஒரு வால், ஒரு வட்டம். லூப் உள்ள லிங்க்டு லிஸ்ட் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்.

''நான் ஒரு விளக்குக் கம்பம் நகர்ந்தா, நீ ரெண்டு கம்பம் நகருவே. நீ என்னைத் தாண்டிட்டா?''ன்னு கேட்டேன்.

சுண்டலை மென்னுக்கிட்டே சொன்னான். ''எனக்கு முன்னாடி நீ பத்து கம்பம் தள்ளி இருக்கேன்னு வெச்சுக்க. நீ ஒண்ணு, நான் ரெண்டு. அப்ப ஒவ்வொரு தடவையும் இடைவெளி ஒண்ணுதானேடா குறையும்? பத்து, ஒன்பது, எட்டு... ரெண்டு, ஒண்ணு, சைபர். சைபரைத் தொடாம எப்படிடா தாண்டுவேன்?''

அவ்வளவுதாங்க பதில்! வட்டத்துக்குள்ள ரெண்டு பேரும் வந்துட்டா, இடைவெளி ஒவ்வொண்ணாத்தான் குறையும். அதனால தாண்டவே முடியாது, சந்திச்சே ஆகணும். லூப் இல்லேன்னா முயல் முதல்ல கடல்ல போய் நிக்கும். மேட்டர் ஓவர்.

'பார்த்த வீட்டுல எல்லாம் சாக்பீஸ்ல கோடு போட்டுட்டே போனா ஆச்சே'ன்னு கேப்பீங்க. ஆகும்தான். ஆனா, பத்து லட்சம் வீடு இருந்தா பத்து லட்சம் கோட்டுக்கு மெமரியில இடம் வேணும். ஆமை-முயல் ரூட்டுக்கு எத்தனை வீடு இருந்தாலும் ரெண்டே பாயிண்டர் போதும். இது ராபர்ட் ஃபிளாய்டோட ஐடியான்னு டொனால்ட் க்னூத் 1969-ல் வந்த தன்னோட புத்தகத்துல குறிப்பிட்டார். ஃபிளாய்ட் பிஎச்.டி. வாங்காமலே ஸ்டான்ஃபோர்டுல பேராசிரியர் ஆனவர். 1978-ல் டூரிங் விருது வாங்கினவர்!

நம்ம ஊர்லயும் ஒருத்தர் இருந்தார். நாசிக் பக்கத்துல தேவ்லாலியில ஸ்கூல் வாத்தியாரா இருந்த டி.ஆர்.கப்ரேகர். எண்களோட விளையாடறதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. ஒரு எண்ணோட இலக்கங்களை இறங்கு வரிசையில எழுதி, ஏறுவரிசையில எழுதினதைக் கழிங்க. வர்ற விடையையும் அதே மாதிரி பண்ணுங்க. நாலு இலக்கமும் ஒண்ணா இல்லாத எந்த நாலு இலக்க எண்ணும் கடைசியில 6174-ல் போய் நின்னுடும்னு கண்டுபிடிச்சார். ரெண்டு இலக்க எண்ணா இருந்தா நிக்காது, லூப் அடிக்கும்.

52-ஐ எடுங்க. 52-லேருந்து 25 போனா 27. அடுத்து 45, 09, 81, 63, மறுபடி 27! இப்ப ஆமை, முயல் ரெண்டையும் 52-ல் நிறுத்தி விசில் அடிங்க. ஆமை 27, 45, 09, 81, 63. முயல் 45, 81, 27, 09, 63. அஞ்சாவது அடியில ரெண்டும் 63-ல் டொக்!

க்ளைமாக்ஸ் இனிமேதான். ஆமையை மறுபடி 52-க்கு அனுப்புங்க. முயல் 63-லயே இருக்கட்டும். இனி ரெண்டும் ஒவ்வொரு அடிதான். அடுத்த அடியிலயே ரெண்டும் 27. வட்டம் ஆரம்பிக்கிற வாசலே அதுதான்! எப்படி? முதல் சந்திப்பு வரைக்கும் முயல் ஆமையைவிட அதிகமா நடந்தது முழு முழு ரவுண்டுகள்தான். ஆமை நடந்த தூரமும் அதே அளவு. அந்த முழு ரவுண்டுகளோட வாலோட நீளத்தையும் சேர்த்து நடந்தா, வந்து நிக்கற இடம் வாசல்தானே?

ஜெராக்ஸ் நோட்ஸ்ல கோடு இருந்துச்சு, 'ஏன்' இல்லை. நானும் தேடலை. அந்த 'ஏன்' ஒரு பொட்டலச் சுண்டல் விலைக்குக் கிடைச்சுது, ஆனா நாலு மணி நேரம் லேட்டா!

அதனால மக்களே, அடுத்த தடவை ஒரு புரோகிராமை மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி, உங்க டிபார்ட்மென்ட்லயே இல்லாத ஒரு ஃப்ரெண்டைப் பிடிச்சு அதை விளக்கிப் பாருங்க. அவன் கேக்கற முதல் கேள்விதான் இன்டர்வியூவுல உங்களுக்கு வரப் போற ரெண்டாவது கேள்வி.

சுண்டல் காசு உங்களோடது!