பிரேக் மிதி இறுகுங்கால்

பழைய மோட்டார் வண்டியின் பிரேக் மிதி கல்லைப்போல் இறுகிவிட்டதென்று கேட்ட மாத்திரத்தே, "பூஸ்டர் போய்விட்டது, புதிது போடவேண்டும்" எனத் தீர்ப்புக் கூறும் வழக்கம் பட்டறைகளில் மிகுந்திருக்கின்றது. இது முறையன்று என்பதே எமது கருத்து. நோய்நாடாது செய்யும் சிகிச்சை பொருளையும் விழுங்கி, நோயையும் உள்ளேயே விட்டுவைக்கும்.

எமது நண்பரொருவர்க்கு நேர்ந்தது இதுவே. இருபதாண்டு கண்ட அவருடைய பெட்ரோல் வண்டிக்குப் புதிய பூஸ்டர் பொருத்தப்பட்டது. மறுவாரமே மிதி மீண்டும் இறுகிற்று. ஏற்காட்டு மலைப்பாதையில் இறங்குங்கால், இரு கால்களாலும் ஊன்றி மிதித்தும், வண்டி ஒரு வளைவைத் தாண்டியே நின்றதாம். பின்னர் ஆராய்ந்தவிடத்து, எஞ்சினிலிருந்து பூஸ்டருக்குச் செல்லும் ரப்பர்க் குழாய், வெளியே பழுதின்றித் தோன்றினும், உட்புறம் உரிந்து, எஞ்சின் உறிஞ்சுந்தோறும் தன்னைத்தானே அடைத்துக்கொண்டமை புலனாயிற்று.

பூஸ்டரின் தொழில் எளிதில் விளங்குவது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் ஒருபுறம் அமுக்கம் குறைய, மறுபுறம் வெளிக்காற்றின் அமுக்கம் காலுக்குத் துணைநிற்கின்றது. 8 அங்குலக் குறுக்களவுள்ள தகட்டின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 7 இராத்தல் வேற்றுமை இருப்பின், 350 இராத்தல் விசை கிடைக்கும். இத்துணை அற்றவிடத்துச் சுமை முழுவதும் காலின்மேல் விழும். டீசல் வண்டிகளில் உறிஞ்சுதற்குத் தனிப் பம்பு உண்டாதலின், அதனையும் ஐயுறல் வேண்டும். பூஸ்டரே இன்றிச் செய்யப்பட்ட மிகப் பழைய வண்டிகளில் மிதி இயல்பாகவே வன்மையுடையது.

சோதனைக்கு வேண்டுவது கால் ஒன்றே. சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் மிதியை ஐந்தாறுமுறை அழுத்துக. அது இறுகியபின், காலை எடாமலே எஞ்சினை முடுக்குக. மிதி சிறிது தாழ்ந்து கொடுக்குமாயின் பூஸ்டர் பெரும்பாலும் நலமே. தாழாதாயின், பூஸ்டரின் வாயிலிருந்து குழாயைக் கழற்றி, எஞ்சின் ஓடுகையில் விரலை வைத்துப் பார்க்க. உறிஞ்சல் வலுத்திருப்பின் மட்டுமே பூஸ்டரைக் குறைகூறலாம்; மெலிந்திருப்பின் குற்றம் குழாயிலோ, ஒருவழி வால்விலோ, எஞ்சினிலோ உளது. ஒரு நிமிஷத்து வேலை! எம் நண்பருக்கு இதனை ஒருவரும் செய்தாரிலர்.

மிதி தாழ்ந்தும் வண்டி நில்லாதாயின், தேய்ந்து பளபளப்பேறிய பிரேக் கட்டைகளையும், துருவேறிச் சிக்கிய பிஸ்டன்களையும் நோக்கவேண்டும். பிரேக் திரவத்துக்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றி, உள்ளிருக்கும் ரப்பர்களை வீங்கச்செய்வாரும் உளர்.

பெட்ரோலை மிச்சப்படுத்தக் கருதி, மலையிறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருளவிடுவாரைப் பற்றி என் சொல்வது? பூஸ்டரில் எஞ்சியுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிப்புக்களில் தீர்ந்துபோம். அதன்பின் பழுதற்ற வண்டியின் மிதியும் இறுகியே தீரும்.

எம் நண்பர் பட்டறைக்கு மீண்டுஞ் சென்று, கழற்றிய பழைய பூஸ்டரையேனும் தருமாறு கேட்டார். அது பழைய இரும்புக்குப் போய்விட்டதென்று விடை வந்தது.