பேழைக்குக் கதவு வேண்டும்

உயிரியல் பூங்கா ஒன்றில் புலிக்குட்டி பிறந்தால் அது மறுநாளே செய்தியாகிவிடுகிறது. படம் வெளியாகிறது, பெயர் சூட்டு விழா நடைபெறுகிறது, விடுமுறை நாளில் கூட்டம் அலைமோதுகிறது. அருகிவரும் ஓர் இனத்தைக் காக்கும் முயற்சியில் இது பெரும் வெற்றி என்ற வாசகமும் செய்தியின் இறுதியில் தவறாமல் இடம்பெறுகிறது. நாமும் படித்து மகிழ்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். அந்த மகிழ்ச்சியைக் குலைப்பது நம் நோக்கமன்று. ஆனால் அந்த இறுதி வாசகத்தைக் கேள்வியின்றி ஏற்பதற்கில்லை. கூண்டில் நிகழும் ஒவ்வொரு பிறப்பும் ஓர் இனத்தின் மீட்பு என்பது உண்மைக்குப் புறம்பானது. எந்தப் பிறப்பு மீட்பு, எந்தப் பிறப்பு வெறும் காட்சி என்று பிரித்தறியும் கடமை நமக்கு உண்டு. ஏனெனில் இந்தப் பெயரால் செலவிடப்படுவது மக்கள் பணம். திசைதிருப்பப்படுவது நம் பிள்ளைகளின் அறிவு. அழிந்துகொண்டிருப்பது இறைவனின் படைப்பு.

உயிரியல் பூங்காக்களைப் போற்றுவோர் அவற்றை நோவாவின் பேழைக்கு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்புமையை நாம் மறுக்கவில்லை. அதை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றே கேட்கிறோம். நோவா விலங்குகளைப் பேழையில் ஏற்றியது காட்சிக்கு வைப்பதற்காக அன்று. வெள்ளம் வடியும்வரை உயிரோடு காத்து, நிலம் உலர்ந்ததும் வெளியே அனுப்புவதற்காகவே ஏற்றினார். அவை வெளியேறிய பின்னரே பேழையின் பணி நிறைவுற்றது. மறைக்கல்வி வகுப்பில் அமரும் சிறு பிள்ளையும் இதை அறியும். ஆகவே, பேழை என்று பெயர் சூட்டிக்கொள்ளும் எந்தப் பூங்காவையும் நோக்கி நாம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஏற்றப்பட்டிருப்பது எந்த இனம்? அதை அழித்த வெள்ளம் எது, அது வடிந்துவிட்டதா? இறங்கி நடக்க உலர்ந்த நிலம் இருக்கிறதா?

இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லக்கூடிய பணிகள் உலகில் நடந்துள்ளன என்பதை முதலில் நன்றியோடு ஒப்புக்கொள்வோம். அரேபியப் பாலைவனத்தில் ஓரிக்ஸ் என்னும் வெண்ணிற இரலை வாழ்ந்தது. துப்பாக்கியும் மோட்டார் வாகனமும் பாலைவனத்தை அடைந்தபின் அது விரைந்து அழிந்தது. 1963இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பூங்காவில் ஒன்பது இரலைகளைக் கொண்டு ஒரு மந்தை உருவாக்கப்பட்டது. 1972இல் ஓமான் நாட்டில் எஞ்சியிருந்த இறுதிக் காட்டு இரலைகளும் வீழ்த்தப்பட்டன. அன்று அந்த மந்தையும் வேறு சில வளர்ப்பிடங்களும் இல்லாதிருந்தால் ஓரிக்ஸ் இன்று படத்தில் மட்டுமே இருந்திருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து, 1982இல், கூண்டுவழி வந்த இரலைகள் ஓமான் பாலைவனத்தில் மீண்டும் கால் பதித்தன. இதுவே பேழையின் கதவு திறந்த நாள்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1990களின் நடுவில் நானூறுக்கும் மேலாகப் பெருகியிருந்த அந்த இரலைகளை 1996 முதல் கள்ள வேட்டைக்காரர்கள் குறிவைத்தனர். செல்வர்களின் தனியார் தோட்டங்களுக்கு விற்பதற்காக அவற்றை உயிரோடு பிடித்துச் சென்றனர். உலக மரபுச் சின்னமாக 1994இல் யுனெஸ்கோ அறிவித்த அந்தச் சரணாலயத்தின் பரப்பை ஓமான் அரசு பின்னர் தொண்ணூறு விழுக்காடு குறைத்தது. 2007இல் அங்கே எஞ்சியவை ஏறத்தாழ 65 மட்டுமே. அவ்வாண்டில் யுனெஸ்கோ அந்த இடத்தைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது; அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அதுதான். பிற நாடுகளிலும் விடுவிக்கப்பட்ட மந்தைகளால் இனம் என்ற அளவில் ஓரிக்ஸ் பிழைத்தது. 2011இல் அதன் அபாய நிலை ஒரு படி குறைக்கவும்பட்டது. எனினும் ஓமான் தரும் பாடம் தெளிவானது. வெள்ளம் வடியாத நிலத்தில் இறக்கிவிட்டால் பேழையில் காத்த உழைப்பெல்லாம் வீணாகும்.

கலிபோர்னியாவின் காண்டார் கழுகைப் பாருங்கள். 1982இல் உலகம் முழுவதிலும் 22 பறவைகளே எஞ்சியிருந்தன. 1987இல் வானில் மிஞ்சிய கடைசிக் காண்டாரையும் பிடித்து வளர்ப்பிடத்தில் சேர்த்தனர். குஞ்சு மனிதரிடம் பழகிவிடக்கூடாது என்பதற்காகக் காண்டார் தலைபோன்ற கைப்பாவையை மாட்டிக்கொண்டு உணவூட்டினர். 1992இல் விடுவிப்புத் தொடங்கியது. இன்று அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைக் கடந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்டவை வானில் பறக்கின்றன. ஆயினும் வேட்டைக்காரர் சுட்ட விலங்குகளின் உடலில் தங்கும் ஈயக் குண்டின் துணுக்குகளை உண்டு அவை இன்றும் மடிகின்றன. கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவதற்கு முழுத் தடை வந்தது 2019இல்தான். பறவையை வளர்ப்பது எளிதாயிற்று. மனிதனின் பழக்கத்தை மாற்றுவதோ கடினமாக இருந்தது.

நம் நாட்டிலும் இதே பாடம் உண்டு. நம் தந்தையர் காலத்தில் ஊர்ப்புறங்களில் சாதாரணமாகக் காணப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய மறைந்தே போயின. மாடுகளுக்கு வலி நீக்க ஊசியாகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து, அந்த மாட்டின் சடலத்தை உண்ட கழுகின் சிறுநீரகத்தை அழித்தது என்பது 2004இல் மெய்ப்பிக்கப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பது தடைசெய்யப்பட்டது. அரியானாவின் பிஞ்சோரில் கழுகுகளை வளர்த்துப் பெருக்கும் நிலையமும் உருவாயிற்று. ஆனால் அதே தீங்கைச் செய்யும் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய மருந்துகளுக்குத் தடை வர 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிஞ்சோரில் எத்தனை குஞ்சுகள் பொரித்தாலும், மருந்துக் கடையில் நஞ்சு விற்கும்வரை அவற்றை எந்த வானில் பறக்கவிடுவது? நம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் வாழும் கழுகுகளைக் காப்பதற்கும் இதே விழிப்பே தேவை.

அசாமின் மானஸ் புல்வெளியில் வாழும் குள்ளப் பன்றியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கால் மீட்டர் உயரமே உள்ள அந்த எளிய பிராணியைப் பார்க்க யாரும் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டார்கள். 1996இல் ஆறு பன்றிகளைப் பிடித்து வந்து குவாகாத்திக்கு அருகில் வளர்த்தனர். 2008 முதல் அவற்றின் சந்ததி புல்வெளிகளுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. மேய்ச்சலாலும் தீயாலும் சீரழிந்த புல்வெளிகளைப் பேணும் பணியும் கூடவே நடக்கிறது. விளம்பரமற்ற இப்பணியையே நாம் இனப்பாதுகாப்பு என்று அழைப்போம்.

இனி, அதே பெயரில் நடந்துவரும் வேறொன்றைப் பார்ப்போம். 1951இல் ரேவா அரசர் ஒரு வெள்ளைப்புலிக் குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயரிடப்பட்ட அந்தப் புலியைச் சாதாரண நிறப் பெண்புலியுடன் சேர்த்தபோது வெள்ளைக் குட்டிகள் பிறக்கவில்லை. பின்னர் மோகனை அதன் மகளுடனேயே சேர்த்தனர். 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகப் பூங்காக்களில் உள்ள வெள்ளைப்புலிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. வெள்ளைப்புலி என்பது தனி இனமோ கிளையினமோ அன்று. நிறத்தை நிர்ணயிக்கும் மரபணு ஒன்றில் ஏற்பட்ட மாற்றமே அது. அந்த நிறத்துக்காக இரத்த உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இனப்பெருக்கம் செய்வித்ததால் மாறுகண்ணும் பிற உடற்குறைகளும் அவற்றைத் தொடர்கின்றன. அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம் 2011இல் தன் உறுப்பினர் பூங்காக்களில் இத்தகைய இனப்பெருக்கம் கூடாது என்று முடிவெடுத்தது. நம் நாட்டிலோ வெள்ளைக் குட்டி பிறந்தால் இன்றும் அது பாதுகாப்பின் வெற்றியாகவே பாராட்டப்படுகிறது. இந்தப் பேழையில் ஏற்றப்பட்டிருப்பது இனமன்று, ஒரு நிறம்.

சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் பூங்காவில் நடந்தது இதனினும் வருந்தத்தக்கது. அங்கே கிர் காட்டின் ஆசியச் சிங்கங்களும் சர்க்கசிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களும் கலந்து இனப்பெருக்கம் செய்ய விடப்பட்டன. சிங்கங்கள் பெருகின, மக்களும் கண்டு களித்தனர். இறுதியில் அவை கலப்பினம் என்று தெரிந்தபோது, இனப்பெருக்கம் நிறுத்தப்பட்டு, முதுமையெய்தி மடியும்வரை அவை கூண்டிலேயே வைக்கப்பட்டன. கிர் காட்டுக்கும் அவற்றால் பயனில்லை, ஆப்பிரிக்காவுக்கும் பயனில்லை. குட்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்வதன் முடிவு இதுவே.

நம் வாதத்துக்கு எழும் மறுப்புகளை நாம் அறிவோம். கூண்டில் இருப்பது ஒரு காப்பீடு, காடு அழிந்தாலும் இனம் பிழைக்கும், பின்னொரு நாளில் திருப்பி அனுப்பிக்கொள்ளலாம் என்பார்கள். காப்பீடு தேவைதான், ஓரிக்ஸ் அதற்குச் சான்று. ஆனால் காலம் கடந்தபின் திருப்பி அனுப்புவது அத்துணை எளிதன்று. பிரேசில் நாட்டுப் பொன்னிறச் சிங்கத் தாமரின் குரங்குகளை 1984இல் பூங்காக்களிலிருந்து காட்டில் விட்டபோது, அவற்றுள் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. அசையும் கொடியில் தாவவும் ஒளிந்திருக்கும் உணவைத் தேடவும் கூண்டு அவற்றுக்குக் கற்றுத்தரவில்லை. தாயிடமும் கூட்டத்திடமும் காட்டில் கற்கும் அறிவு, தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வாழும்போது மறைந்துபோகிறது. பின்னர், பயிற்சியும் நீண்ட கண்காணிப்பும் அளித்து, காட்டுத் துண்டுகளையும் காத்த பிறகே அத்திட்டம் வென்றது. காட்டைக் கைவிட்ட காப்பீடு, உரிமை கோர முடியாத காப்பீடாகும்.

பிள்ளைகள் விலங்குகளைக் கண்டு அன்பு கொள்ளக் கூண்டு உதவுகிறதே என்பார்கள். உதவலாம். ஆனால் மாறுகண் வெள்ளைப்புலியைக் காட்டி, இதுதான் அரிய உயிர் என்று கற்பித்தால், பிள்ளை கற்பது அன்பா, பொய்யா?

மறுபுறம், எல்லாப் பூங்காக்களையும் இன்றே மூடிவிட வேண்டும் என்போரும் உளர். அவர்களின் இரக்கத்தை மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை. அவர்கள் சொற்படி நடந்திருந்தால் காண்டார் 1987க்குப் பின் நெடுநாள் இருந்திருக்காது. நாம் கேட்பது பூங்காக்களை மூடுவதை அன்று, கணக்கை ஒப்படைப்பதை. 1998ஆம் ஆண்டின் தேசிய உயிரியல் பூங்காக் கொள்கையே, நாட்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் துணைநிற்பதே பூங்காக்களின் முதன்மை நோக்கம் என்கிறது. அவர்கள் வகுத்த அளவுகோலாலேயே அவர்களை அளக்கிறோம்.

பிறக்கவைப்பதிலும் பொறுப்பு உண்டு. 2014 பிப்ரவரியில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பூங்காவில் மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கி கொல்லப்பட்டு, சிங்கங்களுக்கு இரையாக்கப்பட்டது. அது நோயுற்றிருக்கவில்லை, அதன் மரபணுக்கள் அத்திட்டத்தில் ஏற்கெனவே போதுமான அளவு உள்ளன என்பதே காரணம். உலகமே கொதித்தெழுந்தது. நாமும் வருந்துகிறோம். ஆயினும் தவறு அது கொல்லப்பட்ட நாளில் தொடங்கியதன்று. இடமில்லை என்று அறிந்திருந்தும் அதைப் பிறக்கவிட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. உயிரைத் தருவிக்கும் உரிமையை மனிதன் கையிலெடுத்தால், அந்த உயிருக்கு ஓர் இடத்தையும் அவன் கண்டுவைக்க வேண்டும்.

நம் வாசலுக்கே வருவோம். 1855இல் சென்னையில் தொடங்கிய பூங்கா 1985இல் வண்டலூருக்கு மாறி, ஏறத்தாழ 600 எக்டேரில் விரிந்துள்ளது. அங்கே வெள்ளைப்புலியும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையில் வாழாத சிங்கவால் குரங்கும் உண்டு. கூட்டம் எதன் முன் நிற்கிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. காட்டில் ஏறத்தாழ 4,000 மட்டுமே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் அந்தக் குரங்கின் துயரம் கூண்டில் குட்டி போதாமை அன்று. தேயிலைத் தோட்டங்களும் சாலைகளும் அதன் சோலைகளைத் துண்டு துண்டாக்கிவிட்டன. மரக்கிளைவிட்டுக் கிளை தாவி வாழ வேண்டிய உயிர், வால்பாறையில் சாலையில் இறங்கி வாகனங்களில் அடிபடுகிறது. அங்கே சாலையின் இருபுறத்து மரங்களை இணைத்து, குரங்குகள் கடப்பதற்கென்றே கயிற்றுப் பாலங்கள் கட்டியுள்ளனர். அந்தப் பாலம் ஒன்றுக்கு நாம் பெயர் சூட்டு விழா எடுத்ததில்லை. ஆனால் வண்டலூரில் பிறக்கும் குட்டிக்கு ஒருநாள் இறங்க நிலம் வேண்டுமென்றால், அந்த நிலத்தைக் காப்பது அத்தகைய பாலங்களும் அவை இணைக்கும் சோலைகளுமே.

ஆகவே நம் பங்குகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்வோரிடம் ஒரு வேண்டுகோள். தாராளமாகச் செல்லுங்கள். ஆனால் கூண்டின் முன் நின்று, இந்த இனம் இயற்கையில் எங்கே வாழ்கிறது, ஏன் குறைந்தது, இங்கே பிறந்தவற்றுள் எத்தனை காட்டுக்குத் திரும்பின என்று பிள்ளைகளையே பூங்கா அலுவலரிடம் கேட்கச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் பெயர் சூட்டப்பட்ட குட்டியைப் பற்றி மட்டுமன்றி, வால்பாறைச் சோலையைப் பற்றியும் பேசுங்கள். ஆண்டுதோறும் பிறப்புகளின் எண்ணிக்கையை வெளியிடும் பூங்காக்கள், திரும்பிச் சென்றவற்றின் எண்ணிக்கையையும், திரும்பிச் செல்ல இயலாதவற்றை ஏன் பெருக்குகிறார்கள் என்ற விளக்கத்தையும் வெளியிட வேண்டும் என்று நாம் கேட்டால், அது அடாத கோரிக்கை ஆகாது. படைப்பைப் பேணும் பொறுப்பு மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது என்று நம்புகிற நாமே இதைக் கேட்கத் தயங்கினால், வேறு யார் கேட்பார்கள்?